கடுக்காய்த் தண்ணீர் குடித்த மலை

ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முதுகைப் பார்ப்பேன். வேலூரில் ஆயுள் முழுக்கப் படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைத்தவனுக்கு வந்த பழக்கம் அது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படத்தைக்கூடத் திருப்பி வைத்து ஆணியைத் தடவிப் பார்த்து, மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எந்தக் கடையில் செய்தார்கள், எப்போது பிரித்தார்கள், மழைத்தண்ணீர் இறங்கியதா, கரையான் வந்து போனதா என்பதெல்லாம் முதுகில்தான் தெரியும்.

கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கும் என்னைப் போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் தீபா. ஓவியங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஒரு காட்சியகத்தில் பழைய படங்களைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றுவது அவளுக்கு உத்தியோகம். எங்கள் காலத்தில் அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. படம் கெட்டுப்போனால் பரணில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

"சார், லிடியா அம்மா செஞ்ச ஜவ்வாது மலைப் படம் எங்ககிட்ட இருக்கு. பின்பலகையில உங்க கடைப் பேரு இருந்துச்சு. படத்துல பாதிக்கு மேல கறுப்பு. இரும்பும் கடுக்காயும் கலந்தா வர்ற கறுப்புன்னு சோதிச்சுப் பாத்துட்டோம். அடியில செம்மண் இருக்கு. அந்தச் செம்மண்ணுக்குச் சேதமில்லாம கறுப்பை மட்டும் எடுக்க இப்போ ஒரு வழி வந்திருக்கு."

"எதுக்கும்மா எடுக்கணும்?"

"அதான் சார் கேள்வி. அவங்க வேணும்னு செஞ்ச கறுப்புன்னா தொடவே மாட்டோம். தெரியாம நடந்து போச்சுன்னா, அடியில இருக்குறதுதானே அவங்க படம்? கேக்கலாம்னா அவங்க உயிரோட இல்ல. பக்கத்துல இருந்தவர் நீங்க ஒருத்தர்தான். விபத்தா, விருப்பமா?"

கேள்வி இரண்டே சொல்தான். பதிலை அப்படிச் சொல்ல முடியவில்லை. நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். படத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. அதோடு, அதன் முதுகை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மாதா கோயில் தச்சுப் பட்டறையில் சாமி சிலை வைக்கும் சுரூபக் கூடு செய்யக் கற்று, மீசை முளைத்த கையோடு வேலூரில் ஹபீப் பாய் கடையில் சேர்ந்தேன். நான் தொழில் படித்த கதை இவ்வளவே. ஹபீப் பாயைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவர் வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் டேனரியில் பிறந்து வளர்ந்தவர் என்றே சொல்லலாம். நடு வயதில் என்ன தோன்றியதோ, கண்ணாடி, சட்டம் என்று வியாபாரத்தை மாற்றிக்கொண்டு வேலூருக்கு வந்துவிட்டார். மனிதர் மாறினாரே தவிர மூக்கு மாறவில்லை. எந்தப் பலகை வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். அடுத்து நகத்தால் தட்டுவார். பேச்சு மூன்றாவதுதான். என்னை ஒருநாளும் அவர் திட்டியதில்லை. மூலை சேராத சட்டத்தை நான் நீட்டினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னாப்பா சூசை, டீ குடிச்சிட்டு வந்து பாப்பமா?" என்பார். அந்த டீ தொண்டையில் இறங்காது. திட்டியிருந்தால் பாதி டீயாவது ருசித்திருக்கும்.

கடையில் இரும்பு ஆணிக்கு இடமில்லை. எல்லாம் பித்தளை. வேலை செய்யும்போது உதட்டுக்கு நடுவில் வரிசையாகப் பித்தளை ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். காரணம் கேட்டதற்கு டேனரிப் பாடம் சொன்னார். தோல் ஊறும் கடுக்காய்த் தொட்டியில் ஓர் இரும்பு வாளி பட்டுவிட்டால் போதும், தோல் கறுத்துப்போய் ஒன்றுக்கும் உதவாதாம். "இரும்புன்னா எனக்கு இன்னும் கை கூசும்ப்பா" என்பார். படச்சட்டக் கடையில் கடுக்காய் எங்கே வரப்போகிறது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒருநாள், படுக்கை விரிப்பில் சுற்றிய பலகையோடு ஓர் இளம்பெண் கடைக்குள் வந்தார். ஒடுகத்தூர்க்காரர். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தார். அவர்தான் லிடியா டீச்சர். விரிப்பைப் பிரித்தார். மரப்பட்டை ஒன்று. அதன் மேல் கரையான் கட்டிய மண்கோடு, கிளை பிரிந்து கிளை பிரிந்து ஓடியது. பக்கத்தில் அதே கோட்டை அவர் சேற்றாலும் மெழுகாலும் தொடர்ந்திருந்தார். எது கரையான் போட்டது, எது டீச்சர் போட்டது என்று சட்டென்று பிரிக்க முடியவில்லை.

"இத கண்ணாடிக்குள்ள போட்டுத் தர முடியுங்களா பாய்?"

பாய் முகர்ந்தார். தட்டினார். "கரையானுக்குச் சட்டம் போடச் சொல்ற மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். போட்டும் கொடுத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது இன்னா டீச்சர், படமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "காலேஜ்ல வெள்ளக்காரங்க வரைஞ்ச ஆறு, பாலம், பனி எல்லாத்தையும் பாத்துப் பாத்து வரைய வெச்சாங்க சூசை. நான் பனியவே பாத்ததில்ல. மலைக்கு வந்தப்புறம் ஒரு மரத்துல இந்தக் கோட்ட பாத்தேன். வரையறோம்னு தெரியாமலே ஒண்ணு இவ்ளோ அழகா வரைஞ்சிருக்கு. அதுலருந்து எனக்கு பென்சில் புடிக்கவே கை வரல" என்றார்.

அதன் பிறகு அவர் எதைக் கொண்டுவருவார் என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஒருமுறை குளவிக் கூடு. ஒருமுறை சாமை வைக்கோலைப் பிசினில் தோய்த்து ஒட்டிய மலைச்சரிவு. இன்னொரு முறை ஒரு பாம்புச் சட்டை. அதை மட்டும் நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாயே சட்டம் போட்டார். வண்ணக் குப்பி என்று ஒன்றை அவர் கையில் நான் பார்த்ததில்லை. மண், பட்டை, பிசின், தேன்மெழுகு, இவைதான்.

தீபா கேட்ட அந்தப் பெரிய படத்தின் கதை இனிமேல்தான். சென்னையில் ஒரு கண்காட்சி அறிவித்திருந்தார்கள். அதில் தேறும் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் வேறு வேலை பார்க்காமல் ஓவியமே செய்ய உதவித்தொகை உண்டு. டீச்சருக்குச் சமவெளியில் ஒரு பள்ளிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்த சமயம் அது. உதவித்தொகை கிடைத்தால் விடுப்புப் போட்டு மலையிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே அந்த ஒரு படத்தில் அவர் தன் மொத்த ஆசையையும் வைத்திருந்தார்.

பள்ளிக்குப் பின்னால் மலைப்பொருள் கிடங்கு ஒன்று உண்டு. அதில் பாதியில் புளியும் கடுக்காயும் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். மீதிப் பாதியில் டீச்சர் பலகையை நிறுத்தி வேலை செய்தார். கட்டில் அளவு பலகை. சாலை வெட்டிய இடத்துச் செம்மண்ணை மைதாப் பசையில் குழைத்துப் பூசி, பட்டைகளை அடுக்கி, அதன் மேல் தேன்மெழுகை உருக்கிக் கரண்டியால் கோடு கோடாக ஊற்றியிருந்தார். உச்சி வெயிலில் தகதகக்கும் மலை. மெழுகுக் கோடுகள் ஓடையா, தேனீ பறந்த வழியா என்று கேட்டேன். "முடிஞ்சா தெரியும்" என்றார். வலது ஓரத்தில் வெள்ளைக் களிமண்ணால் பெயரும் எழுதியாயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பூச்சி வந்துவிட்டது. மைதாப் பசையின் ருசி கண்ட சின்ன வண்டுகள் ஒரு மூலையை அரிக்கத் தொடங்கியிருந்தன. புளி ஏற்ற லாரி வரும் நாள் நெருங்கிவிட்டது. அதில்தான் படம் மலையிறங்க வேண்டும். டீச்சர் சொல்லியனுப்ப, பாயும் நானும் கருவிப் பெட்டியோடு மலையேறினோம்.

கிடங்கின் கதவைத் திறந்ததும் பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார். கடுக்காய் வாசனை. பிறந்த வீட்டுக்கு வந்தவர் போல அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். படத்தை முகர்ந்தார், தட்டினார், வண்டு அரித்த மூலையைத் தடவினார்.

"டீச்சரம்மா, இது படமில்ல, தோலு. பச்சத் தோலு. பதப்படுத்தாம விட்டா எல்லாம்தான் தின்னும். கடுக்காத் தண்ணி காட்டிடலாம். அப்பால ஒரு பூச்சி கிட்ட வராது."

"நெறம் மாறிடாதே பாய்?"

"இரும்பு படாத வரிக்கும் ஒண்ணும் ஆவாது. அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார் என்றால் அப்படிப் பார்த்துக்கொண்டார். கடுக்காயை உரலில் நசுக்கி மண்பானையில் ஊறவைத்தார். கிளற மூங்கில் கழி. பின்சட்டத்தில் உள்ளூர்த் தச்சர் அடித்திருந்த இரும்பு ஆணிகளையெல்லாம் என்னைப் பிடுங்க வைத்து, பித்தளை ஆணிகளை அடிக்கச் சொன்னார். தகரக் கூரையில் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழிருந்து பலகையை நகர்த்தினார். என் அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியைக் கழற்றச் செய்தார். கடைசியில் டீச்சரிடம் திரும்பி, "கொண்டை ஊசிய எடுத்துடுங்கம்மா, அதுவும் இரும்புதான்" என்றார். டீச்சர் சிரித்தபடி ஊசியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, முடியைத் துணியால் கட்டிக்கொண்டார். பிறகு மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றி ஒற்றி, முகத்துக்கும் முதுகுக்கும் கடுக்காய்த் தண்ணீர் காட்டினோம். செம்மண் தாகத்தோடு குடித்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டதால் படம் காயவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் மலை கறுத்திருந்தது.

ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்றில்லை. மைக்கூடு கவிழ்ந்தது போல எல்லாச் சரிவிலும் கறுப்பு. மெல்லிய வெள்ளைக் களிமண் பெயரும் அடியிலிருந்து ஊறி வந்த கறுப்பில் முழுகிவிட்டது. பாய் பைத்தியம் பிடித்தவர் போல இரும்பைத் தேடினார். ஒவ்வோர் ஆணியாகத் தடவினார். பானைக்குள் கைவிட்டுத் துழாவினார். கூரையைப் பார்த்தார். "இரும்பே இல்லையேப்பா, எங்கேர்ந்து வந்துச்சு?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

டீச்சர் வெளியே போய்விட்டார். அழப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அழுதும் இருப்பார்; திரும்பியபோது கண் சிவந்திருந்தது. ஆனால் கையில் கொட்டாங்குச்சிகளை ஏந்தி வந்தார். ஒன்றில் சாலைச் செம்மண், ஒன்றில் ஓடைக்கரை வெள்ளை மண், ஒன்றில் மஞ்சள் மண். ஒவ்வொன்றிலும் பானைத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு அவற்றின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். தலைபோகிற நேரத்தில் மூன்று பெரியவர்கள் கொட்டாங்குச்சியை வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த கிடங்கு வாட்ச்மேன் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ.

வெள்ளை மண் அப்படியே இருந்தது. மஞ்சள் மண் சாம்பல் நிறமானது. செம்மண் பார்க்கப் பார்க்கக் கறுத்தது.

"யா அல்லா" என்றார் பாய். "ஆணிய புடுங்குனேன், ஊசிய புடுங்குனேன். மலையே இரும்பா கீது."

டேனரியில் இரும்பு என்றால் வாளி, ஆணி, கத்தி. மண்ணுக்குள்ளேயே இரும்பு இருக்கும் என்று தோலோடு புழங்கிய மனிதருக்கு எப்படித் தோன்றும்? எனக்கும்தான் தோன்றவில்லை.

கறை எடுக்கும் உப்பு என் பெட்டியில் இருந்தது. தேக்கில் ஆணிக்கறை பட்டால் வெளுக்க வைக்க வைத்திருப்போம். மேல் மூலையில் உள்ளங்கை அகலம் மட்டும் தடவிப் பார்த்தோம். கறுப்பு போயிற்று. கூடவே சிவப்பும் போயிற்று. சோற்றுக்கஞ்சி நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அதோடு அந்த வழியும் மூடிக்கொண்டது.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. "டீச்சரம்மா, தப்பு என்னுது. நானே மெட்ராசுக்கு வர்றேன். அவங்ககிட்ட என் வாயால சொல்றேன். உங்க பொழப்ப கெடுத்துட்டேன்."

டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. "சூசை, அந்தக் கதவ முழுசா தொறங்க" என்றார்.

திறந்தேன். மழை விட்டிருந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்ததும்தான் நாங்கள் காணாமல் விட்டது கண்ணில் பட்டது. மெழுகு ஊற்றிய இடங்களில் தண்ணீர் இறங்கவில்லை. அங்கே மெழுகுக்கு அடியில் மண் சிவப்பாகவே இருந்தது. கறுத்த மலை முழுக்கச் சிவப்பு நரம்புகள் ஓடின. நேற்றுவரை வெயில் மலையில் வெறும் கோடாகக் கிடந்தவை இன்றைக்கு உயிரோடு இருந்தன.

டீச்சர் கிட்டே போனார், தள்ளிப் போனார், மறுபடி கிட்டே போனார். "மழைக்கு முன்னாடி இந்த மலை இப்படித்தான் பாய் இருக்கும். தெனம் பாக்கறேன். ஆனா போஸ்டர் மாதிரி வெயில்ல வெச்சு வரைஞ்சேன். மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்குப் புடிக்கும்னு நெனச்சேன் போல" என்றார். பிறகு, "இது இன்னும் கறுக்குமா?" என்று கேட்டார்.

"ஈரம் போனா நின்னுடும்மா. எப்பவாவது ஈரம் பட்டா திரும்ப ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும்."

"அப்போ மழக்காலத்துல போய் இத பாக்கணும்" என்றார். அந்த நேரத்தில் அப்படிப் பேச ஒரு மனுஷிக்கு எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

கீழே லாரி ஹாரன் கேட்டது. நான் சாக்கும் கயிறும் எடுத்து வந்தேன். பாய், கடைப் பெயர் போட்ட பின்பலகையைப் பொருத்தி, போட்டு வைத்த துளைகளில் கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தார். உதட்டில் ஒரே ஓர் ஆணி பாக்கி. டீச்சர் கையை நீட்டி, "அத குடுங்க பாய்" என்று வாங்கிக்கொண்டு படத்தின் முன்பக்கம் போய்க் குனிந்தார். என்ன செய்தார் என்று பின்பக்கம் நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. டிரைவர் அவசரப்படுத்தியதில் நானும் கேட்க மறந்தேன்.

உதவித்தொகை வேறு ஒருவருக்குப் போயிற்று. டீச்சர் மாற்றலை ஏற்றுக்கொண்டு மலையிறங்கினார். இறங்கும்போது செம்மண்ணையும் கடுக்காயையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் இறங்கினார். அதற்கப்புறம் அவர் செய்த படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு உண்டு. பேர் கிடைத்ததும் அதனால்தான். பெரிய படத்தைக் காட்சியகம் வாங்கியபோது, மேல் மூலை வட்டத்தை மழைமேகத்து நிலா என்று பத்திரிகையில் புகழ்ந்திருந்தார்கள். நான் படித்துக் காட்டினேன். "அந்த நிலா நாம ரெண்டு பேரும் உப்பு தடவுனதுதான்ப்பா" என்று பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். உங்களைப் பாதித்தவர்கள் யார் என்று எந்தப் பேட்டியில் கேட்டாலும் டீச்சர் கரையான், மழை, ஹபீப் பாய் என்பார். வடநாட்டில் அந்தப் பெயரில் ஓவியர் யாரும் உண்டா என்று ஒரு நிருபர் எங்கள் கடைக்கே வந்து விசாரித்தார். பாய் அப்போது உள்ளே கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

பாயும் கடையை என் கையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்து பல காலமாயிற்று. ஆகவே சென்னையில் அந்தப் படத்தின் எதிரே நான் மட்டும்தான் நின்றேன். தீபாவிடம் கதை முழுக்கச் சொன்னேன். பிறகு மெதுவாக, "அப்போ விபத்துதானே சார்?" என்றாள். "விபத்துதான்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் டீச்சர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதை எதைக் கொண்டு காட்டுவேன்?

அப்போதுதான் படத்தைச் சுற்றியிருந்த தங்கப்பூச்சுச் சட்டம் கண்ணை உறுத்தியது. அகலமான சட்டம். உள்விளிம்பு படத்தின் ஓரத்தை விரல் அகலத்துக்குத் தின்றிருந்தது.

"இது எங்க சட்டம் இல்லம்மா."

"ஆமா சார், இங்க வந்தப்புறம் போட்டது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி."

"கழட்ட முடியுமா?"

ஆள் கூப்பிட்டுக் கழற்றினாள். வலது ஓரத்தில், சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த இடத்தில், மெல்லிய கீறல்கள் தெரிந்தன. தீபா விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். லி. டி. யா. கறுப்பைக் கிழித்து, அடியிலிருந்த சிவப்பு தெரியும்படி, ஏதோ கூர்முனையால் எழுதிய பெயர்.

அவள் விளக்கை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "சார், இது கறுப்பு மேல கீறுனது. கறுப்பை எடுத்தா இந்தப் பேரும் போயிடும்."

"ஆமாம்மா" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

பிறகு படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னேன். எங்கள் கடைப் பெயர் மங்கியிருந்தது. பாய் அடித்த பித்தளை ஆணிகள் வரிசை பிசகாமல் அப்படியே இருந்தன. கீழ்வரிசைக் கடைசியில் மட்டும், ஆணி இறங்க வேண்டிய ஓர் இடம் வெறும் துளையாக இருந்தது.